தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஏன் கேரளாவில் இருக்கின்றன? ஓர் எல்லைக்கோட்டின் கதை

போடிமெட்டு வழியாக மூணாறுக்கு வீக்எண்ட் டிரிப் போயிருக்கிறீர்களா? கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து, கேரள செக்போஸ்ட்டைக் கடந்த பிறகும் டீக்கடையில் பேச்சு தமிழில்தான் ஓடும். பூப்பாறை, சூரியநெல்லி, மூணாறு என்று எங்கே வண்டியை நிறுத்தினாலும் அதேதான். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டிக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனாலும் அப்படித்தான்.

"அப்போ இதெல்லாம் ஏன் கேரளாவில் இருக்கு?" என்று வண்டியில் யாராவது ஒருவர் கேட்டிருப்பார். வாட்ஸ்ஆப்பிலும் யூடியூபிலும் இதற்கு ரெடிமேட் பதில்கள் நிறைய உண்டு. 'காமராஜர் விட்டுக்கொடுத்துவிட்டார்' என்பது ஒன்று. 'கேரளா பறித்துக்கொண்டது' என்பது இன்னொன்று. 'அது எப்போதுமே மலையாள மண்தான்' என்பது மூன்றாவது. மூன்றும் பாதிக் கதைகள்.

மொழிவாரி மாநிலங்கள் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் இந்த எல்லையில் மொழிக்கு முன்னால் வேறு இரண்டு கேள்விகள் நின்றன. ஒன்று, மக்களை எந்த அலகில் எண்ணுவது: கிராமமா, தாலுகாவா, மாவட்டமா? இரண்டு, எண்ணப்பட்டவர்களில் யாரை 'ஊர்க்காரர்' என்று ஏற்பது, யாரை 'வந்து போகிறவர்' என்று ஒதுக்குவது? முதல் கேள்விக்கு 1956-ல் பதில் எழுதியாகிவிட்டது. இரண்டாவது கேள்வி இன்றும் நீதிமன்றம் வரை போய்க்கொண்டிருக்கிறது.

1956-க்கு முன்பு வாளையாறில் மாநில எல்லை இருந்ததா?

இல்லை. இன்றைய கேரளா அப்போது மூன்று தனித்தனி ஆட்சிகளின் கீழ் இருந்தது. தெற்கே திருவிதாங்கூர் சமஸ்தானம், நடுவில் கொச்சி சமஸ்தானம், வடக்கே மலபார் மாவட்டம். 1792-ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் மலபாரை ஆங்கிலேயரிடம் இழந்தார். முதலில் பம்பாயின் கீழ் இருந்த அந்தப் பகுதி 1800-ல் சென்னை மாகாணத்துக்கு வந்தது.

பாலக்காடு அந்த மலபாரின் ஒரு பகுதி. அதாவது, கோயம்புத்தூரும் பாலக்காடும் ஒன்றரை நூற்றாண்டு ஒரே மாகாணத்தில் இருந்த பக்கத்து ஊர்கள். வாளையாறு அப்போது வெறும் மாவட்ட எல்லை.

சித்தூர் கதை வேறு (ஆந்திராவில் இருக்கும் சித்தூர் இல்லை, பாலக்காட்டுக்குப் பக்கத்தில் இருப்பது). அது கொச்சி ராஜாவின் தாலுகா. ஆனால் கொச்சியின் மற்ற நிலத்தோடு ஒட்டாமல், சுற்றிலும் மலபாரும் கோயம்புத்தூர் மாவட்டமும் சூழ, தனித் தீவு போலக் கிடந்தது. எனவே அன்று பொள்ளாச்சியிலிருந்து சித்தூருக்குப் போனவர் சமஸ்தான எல்லையைத் தாண்டினார். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போனவர் எந்த ராஜ்ஜியத்தையும் தாண்டவில்லை!

இன்றைய இடுக்கி மலைகள் திருவிதாங்கூரில் இருந்தன. 1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து ஒரே மாநிலமாயின. மலபார் மட்டும் சென்னையோடு தொடர்ந்தது.

மலைக்குத் தமிழர்கள் எப்போது வந்தார்கள்?

இதற்கு ஒரே தேதி கிடையாது. மறையூர், காந்தளூர் பக்கத்து அஞ்சுநாட்டு ஊர்களில் தேயிலை வருவதற்கு முன்பே தமிழ் பேசும் குடியானவர்கள் இருந்தார்கள். மலையின் பழங்குடிகளான முதுவான்களின் பேச்சும் தமிழோடு நெருங்கியது.

பெரிய அலை தோட்டங்களோடு வந்தது. 1877-ல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்கு எடுத்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் அங்கே தேயிலைத் தோட்டங்கள் பரவின. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்து மலையேற்றினார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு வந்த குடும்பங்கள் லயன் வீடுகளில் தங்கின. பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள், அங்கேயே கொழுந்து கிள்ளினார்கள்.

அதே காலத்தில் இன்னொரு ஒப்பந்தமும் நடந்தது. 1886 அக்டோபர் 29-ல் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப, 999 ஆண்டுக் குத்தகையில் திருவிதாங்கூர் கையெழுத்திட்டது. 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை பீர்மேடு தாலுகாவில் இருக்கிறது. அதை இயக்குவது தமிழ்நாடு. 1940-ல் தேவிகுளம் பக்கத்தில் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலை என்றால் தேயிலை மட்டும் இல்லை, தண்ணீரும் கரண்டும்தான் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

ஒன்பது தாலுகாக்கள் கேட்டார்கள். கிடைத்தது எத்தனை?

திருவிதாங்கூரில் வாழ்ந்த தமிழர்களுக்காகத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அதன் முகம் மார்ஷல் நேசமணி. கட்சி கேட்ட தாலுகாக்கள் இவை: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர்.

1954 ஜூலையில் போராட்டம் மலைக்கு வந்தது. தடையை மீறி மூணாறு சென்ற நேசமணி கைது செய்யப்பட்டார். ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டம், புதுக்கடையில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தார்கள். அப்போதைய முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளை.

அதற்கு முன்பே, 1953 டிசம்பரில், மத்திய அரசு மாநில மறுசீரமைப்பு ஆணையத்தை அமைத்திருந்தது. தலைவர் பசல் அலி. உறுப்பினர்கள் எச்.என்.குன்ஸ்ரு, கே.எம்.பணிக்கர். 1955 செப்டம்பர் 30-ல் அறிக்கை வந்தது. அதன் அடிப்படையில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 1956 நவம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. யாருக்கு என்ன என்று பாருங்கள்:

- தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையும் வந்தது.
- தேவிகுளம், பீர்மேடு, சித்தூர், நெய்யாற்றின்கரை ஆகியவை கேரளாவிலேயே நின்றன.
- மலபார் மாவட்டமும், தென் கன்னட மாவட்டத்தின் காசர்கோடு தாலுகாவும் சென்னையிலிருந்து கேரளாவுக்குப் போயின.

அந்தக் காமராஜர் விஷயத்துக்கு வருவோம். 'குளம், மேடு' என்று அவர் அலட்சியமாகச் சொன்னதாக ஒரு வாக்கியம் பல வருடங்களாகச் சுற்றுகிறது. ஆனால் தேவிகுளமும் பீர்மேடும் எங்கே இருக்க வேண்டும் என்ற பரிந்துரை டெல்லியில் அமைக்கப்பட்ட ஆணையத்தின் அறிக்கையில் எழுதப்பட்டது. அதைச் சட்டமாக்கியது நாடாளுமன்றம். ஒரு முதல்வரின் ஒற்றை வாக்கியத்தில் முடிந்துபோன விஷயம் இல்லை இது.

தமிழர்கள் அதிகம் இருந்தும் ஏன் கிடைக்கவில்லை?

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தேவிகுளம் தாலுகாவில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் தமிழ் பேசினார்கள். பீர்மேட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவு. தலை எண்ணிக்கை மட்டுமே அளவுகோல் என்றால் தேவிகுளத்தின் கதை வேறாக இருந்திருக்கும்.

ஆனால் எதிர்த் தரப்பிலிருந்து இரண்டு வாதங்கள் வந்தன. முதல் வாதம்: தோட்டத் தொழிலாளர்களில் பலர் நிரந்தரக் குடிகள் இல்லை, வேலைக்கு வந்து திரும்புகிறவர்கள். அவர்களை எண்ணி எல்லை போடக் கூடாது. இரண்டாவது வாதம்: இந்த மலைகள் திருவிதாங்கூர்-கொச்சியின் பொருளாதாரத்துக்கு மிக முக்கியமானவை. நீர், மின்சாரம், ஏலம், தேயிலை எல்லாம் அங்கேதான். சமவெளியில் இடமில்லாத மக்கள் குடியேற மிச்சமிருந்த நிலமும் அதுதான்.

கேரளத் தரப்பின் நியாயத்தையும் கேட்க வேண்டும். பெரியாறு அந்த மலைகளில் பிறந்து மேற்கே அரபிக்கடலுக்கு ஓடுகிறது. ஊற்று ஒரு மாநிலத்திலும் ஆறு இன்னொரு மாநிலத்திலும் இருந்தால் என்ன ஆகும் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை. காவிரிக் கரையில் பிறந்த வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதற்கிடையே மலையில் ஆள் கணக்கும் மாறத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்கால உணவுப் பஞ்சத்தில், மலையில் பயிர் செய்யச் சமவெளி விவசாயிகளைத் திருவிதாங்கூர் அரசு ஊக்குவித்தது. 1955-ல் பட்டம் தாணுப்பிள்ளை அரசு அரசாங்கக் குடியேற்றத் திட்டத்தையே கொண்டுவந்தது. கல்லார் பகுதியில் உருவான 'பட்டம் காலனி' அதன் பெயரை இன்றும் சுமக்கிறது. ஆணையம் எல்லையை யோசித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுதான் அது என்பதைக் கவனியுங்கள்.

கிராமமா, தாலுகாவா: அலகு மாறினால் எல்லை மாறுமா?

மாறும். இதற்கு நமக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. ஆந்திராவோடு இருந்த எல்லைப் பிரச்சினையில் எச்.வி.படாஸ்கர் கிராமத்தை அலகாக எடுத்துக்கொண்டார். எந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுபவர்கள் அதிகம், அது பக்கத்து மாநிலத்தோடு நிலத்தால் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். விளைவு: 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது.

மேற்கு எல்லையில் அந்த முறை கையாளப்படவில்லை. மறுசீரமைப்பு ஆணையம் பொதுவாக மாவட்டத்தையே அலகாக வைக்க விரும்பியது. சில இடங்களில்தான் தாலுகா அளவுக்கு இறங்கியது. கிராம வாரியாகக் கணக்குப் போட்டிருந்தால் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி போன்ற பகுதிகள் பற்றிய விவாதமே வேறாகியிருக்கும்.

இந்தக் கத்தி இரு பக்கமும் வெட்டும். கேரளாவின் வடக்கில் காசர்கோட்டின் ஒரு பகுதியைக் கர்நாடகாவுக்குத் தர வேண்டும் என்று 1967-ல் மகாஜன் ஆணையம் சொன்னது. அது நிறைவேறவே இல்லை.

இல்லாத கேரளாவுக்கு 1901 மக்கள்தொகை எங்கிருந்து வந்தது?

கூகுளில் தேடினால் '1901-ல் கேரளாவின் மக்கள்தொகை 63.96 லட்சம்' என்று வரும். 1956-ல் பிறந்த மாநிலத்துக்கு 1901-ல் எப்படிக் கணக்கு?

கணக்கெடுப்புத் துறை பழைய தாலுகா எண்களை எடுத்து, இன்றைய எல்லைக்கு ஏற்றபடி கூட்டிக் கழிக்கிறது. திருவிதாங்கூர், கொச்சி, மலபார், காசர்கோடு எண்களைக் கூட்டுகிறது. குமரித் தாலுகாக்களையும் செங்கோட்டையையும் கழிக்கிறது. அவ்வளவுதான்.

அதனால் 1951-க்கு மட்டும் மூன்று எண்களைப் பார்ப்பீர்கள். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்கு 92.8 லட்சம். சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்துக்கு 47.58 லட்சம். இன்றைய கேரள எல்லைக்கு 135.49 லட்சம். மூன்றும் சரி, நிலப்பரப்புதான் வேறு. நம் பக்கமும் இதேதான்: 1951-ல் ஆந்திரப் பகுதிகளையும் சேர்த்து மெட்ராஸ் மாநிலத்தில் 5.7 கோடிப் பேர். இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் 3.01 கோடி. இது தெரியாமல் இரண்டு எண்களை ஒப்பிட்டு 'மக்கள்தொகை பாதியாகிவிட்டது' என்று போஸ்ட் போட்டால் மானம் போய்விடும்.

இன்றைய எல்லைப்படி கேரளாவின் வளர்ச்சி இது:

- 1901: 63.96 லட்சம்
- 1921: 78.02 லட்சம்
- 1951: 135.49 லட்சம்
- 1971: 213.47 லட்சம்
- 1991: 290.99 லட்சம்
- 2011: 334.06 லட்சம்

110 ஆண்டுகளில் ஐந்து மடங்குக்கு மேல். ஆனால் வேகம் விழுந்துவிட்டது. 1961-71-ல் 26 சதவீதத்துக்கு மேல் வளர்ந்த மாநிலம், 2001-11-ல் 4.9 சதவீதம்தான் வளர்ந்தது. இடுக்கியில் மக்கள்தொகை குறைந்தேவிட்டது: 2001-ல் 11,29,221 பேர், 2011-ல் 11,08,974 பேர். ஒரு காலத்தில் ஆட்களை மேலே ஏற்றிய மலையிலிருந்து இப்போது ஆட்கள் இறங்குகிறார்கள்.

1956-க்குப் பிறகு கோடுகள் நின்றுவிட்டனவா?

மாநில எல்லை நின்றது, மாவட்ட எல்லைகள் நிற்கவில்லை. 1957 ஜனவரி 1-ல் மலபார் மூன்றாகப் பிரிந்து பாலக்காடு மாவட்டம் பிறந்தது. கொச்சியின் தனித் தீவாக இருந்த சித்தூர் அப்போதுதான் பாலக்காட்டோடு சேர்ந்தது. 1969-ல் மலப்புரம் மாவட்டம் உருவானபோது பெரிந்தல்மண்ணாவும் பொன்னானியும் பாலக்காட்டிலிருந்து போயின.

1972 ஜனவரி 26-ல் இடுக்கி மாவட்டம் வந்தது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை மூன்றும் கோட்டயத்திலிருந்து, தொடுபுழா எர்ணாகுளத்திலிருந்து. எனவே '1971-ல் இடுக்கி மக்கள்தொகை' என்று யாராவது சொன்னால், அதுவும் தாலுகாக்களைக் கூட்டிப் போட்ட கணக்குதான்.

பரப்பளவில் கேரளாவின் முதலிடம் யாருக்கு என்பதும் மாறிக்கொண்டே இருந்தது. 1990-களின் இறுதியில் குட்டம்புழா எர்ணாகுளத்துக்குப் போனதால் இடுக்கி அந்த இடத்தைப் பாலக்காட்டிடம் இழந்தது. 2023 செப்டம்பரில் குட்டம்புழாவின் ஏறத்தாழ 12,700 ஹெக்டேர் நிலம் இடமலைக்குடி கிராமத்தோடு சேர்க்கப்பட்டதும் மீண்டும் முதலிடத்துக்கு வந்தது. முதுவான்கள் வாழும் இடமலைக்குடி, 2010-ல் உருவான கேரளாவின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து.

சில இடங்களில் கோட்டுக்கு அர்த்தமே வேறு. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் சாலை வழி போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டு வழிதான். அங்குள்ள அணைகளை இயக்குவதும் தமிழ்நாடு. 1970-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி சித்தூர் விவசாயிகளுக்கு மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் விட வேண்டும். ஒவ்வொரு வறட்சியிலும் இந்த எண்தான் செய்தியாகிறது.

'வந்து போகிறவர்கள்' இப்போது யார்?

2011 கணக்குப்படி கேரளாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர், மாநில மக்கள்தொகையில் 1.5 சதவீதம். இடுக்கி மாவட்டத்தை மட்டும் எடுத்தால் ஏறத்தாழ ஆறில் ஒருவர்.

2015-ல் மூணாறு தோட்டப் பெண்கள் போனஸுக்கும் கூலிக்கும் 'பெண்பிள்ளை ஒருமை' என்ற பெயரில் சாலையில் அமர்ந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி நிலச்சரிவில் 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பலருடைய குடும்ப வேர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். 1950-களில் 'நிலையாக இல்லாதவர்கள்' என்று வாதிடப்பட்டவர்களின் பேரன், பேத்திகள் அதே லயன்களில்தான் இருந்தார்கள்.

இந்தக் கேள்வி சட்டத்திலும் வருகிறது. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10-ல் வந்தது. சாதிச் சான்றிதழ் விஷயத்தில், அந்தத் தேதியில் உங்கள் குடும்பம் எந்த மாநிலத்தில் நிரந்தரமாக வசித்தது என்பது முக்கியம். பிறகு இடம்பெயர்ந்தவர், போன மாநிலத்தின் இடஒதுக்கீட்டைப் பொதுவாகக் கோர முடியாது. மலையேறிய தொழிலாளிக் குடும்பத்திடம் 1950-க்கு முந்தைய காகிதம் என்ன இருக்கும்? தோட்டப் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தால் பெரிய விஷயம்.

தேவிகுளம் தனித் தொகுதியில் 2021-ல் வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.ராஜாவின் வழக்கு இதற்கு உதாரணம். அவர் கேரளாவின் 'இந்து பறையர்' சமூகத்தவராகக் கருதப்பட முடியாது என்று 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் வெற்றியைச் செல்லாததாக்கியது. மதமும், தாத்தா பாட்டி தமிழ்நாட்டிலிருந்து வந்த காலமும் அந்த வழக்கில் வாதப்பொருளாயின. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து அவர் வெற்றியை உறுதிப்படுத்தியது. ஓர் எம்எல்ஏவால் உச்ச நீதிமன்றம் வரை போக முடிந்தது. பிளஸ் டூ முடித்து, சான்றிதழுக்காக வில்லேஜ் ஆபீஸ் வாசலில் நிற்கும் தோட்டத்துப் பிள்ளையால் முடியுமா?

எல்லையை இப்போது மாற்ற முடியுமா?

சட்டப்படி முடியும். அரசியலமைப்பின் 3-வது பிரிவின்படி நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையிலேயே மாநில எல்லையை மாற்றலாம். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஆனால் அது கட்டுப்படுத்தாது. நடைமுறையில் அது அவ்வளவு சுலபம் இல்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு கொதித்தபோது தேவிகுளம், பீர்மேடு இணைப்புக் கோரிக்கை மீண்டும் கேட்டது, பிறகு அடங்கியது. நடுவில் கஷ்டப்பட்டவர்கள் குமுளிக்கும் கம்பத்துக்கும் தினமும் போய்வரும் கூலி வேலைக்காரர்கள்.

எல்லை மாறாமலேயே கிடைக்க வேண்டிய உரிமைகள் பல உண்டு. 1956-ல் எல்லைகளை மாற்றியபோதே, அரசியலமைப்பின் ஏழாவது திருத்தத்தில் 350-ஏ, 350-பி பிரிவுகள் சேர்க்கப்பட்டன. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர மாநிலம் முயல வேண்டும் என்கிறது முதலாவது. அவர்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கத் தனி அதிகாரி வேண்டும் என்கிறது இரண்டாவது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதிப் பதில் பெற 1969-ன் கேரள ஆட்சிமொழிகள் சட்டம் வழிசெய்தது.

இனி வரும் கணக்கெடுப்பின் ஆதாரத் தேதி 2027 மார்ச் 1. அதற்காக மாவட்ட, தாலுகா எல்லைகளை மாற்ற 2025 டிசம்பர் 31 கடைசி நாளாக வைக்கப்பட்டது. எண்ணும்போது கோடு நகரக் கூடாது என்பதே காரணம். எல்லையோரத்தில் உங்களுக்கு உறவுகள் இருந்தால் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கணக்கெடுப்பாளர் தாய்மொழி கேட்டால், மாநிலத்தின் மொழியைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சொல்வதைத்தான் அவர் எழுத வேண்டும். அப்புறம், தாத்தா காலத்து தோட்டப் பதிவு, ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று எது இருந்தாலும் ஸ்கேன் செய்து பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.